ஹட்டனிலிருந்து லண்டனுக்கு: பாக்கெட் போகிற வழி மாறினால் எப்படித் தெரிந்துகொள்வது?

"சேர், மூணு நாளா லண்டன் சர்வர் மட்டும் இழுக்குது. யூடியூப் ஓடுது, வாட்ஸ்அப் ஓடுது, அது மட்டும் சரியில்ல." என்னிடம் முன்பு கம்பியூட்டர் படித்த ஒரு பிள்ளை ஒரு மழை நாள் பின்னேரம் இப்படி வந்து நின்றாள். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம். லயத்து வீட்டின் முன்பக்க அறையில் ஒரு மேசை போட்டு, லண்டனில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். வேலை முழுக்க அங்கே இருக்கும் சர்வருக்குள் நுழைந்து செய்வது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது அங்கே போய்த் திரும்பி வந்த பிறகுதான் திரையில் தெரியும். அந்த இடைவெளி கொஞ்சம் கூடினாலும் கை தடுமாறும், ஒரு மணித்தியால வேலை ஒன்றரை மணித்தியாலம் ஆகும், சம்பளமோ முடித்த வேலைக்குத்தான். இன்டர்நெட் கம்பனிக்குப் போன் எடுத்திருக்கிறாள். "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க, உங்க பக்கம்தான் பிரச்சினை" என்று வைத்துவிட்டார்களாம்.

பிரச்சினை அவள் பக்கம் இல்லை என்று அன்றைக்கே என்னால் சொல்ல முடிந்தது. நான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. வகுப்பறை மூலையில் ஒரு சின்ன மெஷின் ஐந்து மாதமாக லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போகிற வழியைத் திரும்பத் திரும்ப அளந்து எழுதிக்கொண்டிருந்தது, அதனால். அந்த லாக், அதாவது அந்தப் பதிவு, எப்படி வேலை செய்கிறது, அதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று விளக்கமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நம் மலையகத்தில் இப்போது எத்தனையோ பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். "உங்க பக்கம்தான்" என்ற பதிலைக் கேட்டு வாய் அடைத்துப்போய் நிற்க வேண்டியதில்லை.

முதலில், வழி என்றால் என்ன? ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போக கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று ஒரு ரோடு இருக்கிறது. மண் சரிந்து அது அடைபட்டால் நாவலப்பிட்டி, கம்பளை பக்கம் திரும்பி, பேராதனை, கடுகண்ணாவை இறக்கம் வழியாகப் போகிறோம். பஸ் டிரைவர் புறப்படும்போதே முழு வழியையும் முடிவு பண்ணிவிடுவார். பாக்கெட்டுக்கு, அதாவது இன்டர்நெட்டில் போகிற தகவலின் சின்னத் துண்டுக்கு, அப்படி இல்லை. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு ரவுட்டர் நிற்கிறது, அது தன் கையில் இருக்கும் அட்டவணையைப் பார்த்து "லண்டனா, இந்தப் பக்கம் போ" என்று அடுத்த சந்திக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். முழு வழியும் எந்த ஒரு ரவுட்டருக்கும் தெரியாது, பாக்கெட்டுக்கும் தெரியாது. நடுவில் ஒரு அட்டவணையில் ஒரு வரி மாறினால் வழியே மாறிவிடும், உங்களிடம் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் வழியை எப்படிப் பார்ப்பது? இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும், அதிகபட்சம் 255. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். சுழியம் ஆனால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு, "இது என்னிடம் செத்துப்போனது" என்று அனுப்பியவருக்கு ஒரு செய்தி அனுப்பும். பாக்கெட்டுகள் வழி தவறிச் சுற்றிச் சுற்றி வந்து வலையமைப்பை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. 1980களின் கடைசியில் வான் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் இதைத் திருப்பிப் பயன்படுத்தினார்: டிடிஎல் 1 என்று வைத்து ஒன்று அனுப்பினால் முதல் சந்தி பதில் சொல்லும், 2 என்று வைத்தால் இரண்டாவது, இப்படியே கடைசி வரை. அதுதான் ட்ரேஸ்ரூட். விண்டோஸில் ட்ரேசர்ட். எல்லாக் கம்பியூட்டரிலும் இருக்கிறது அல்லது சுலபமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஒரே ஒரு ட்ரேஸ்ரூட்டை எடுத்துவைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. நிறையப் பேர் செய்கிற பிழை இதுதான். இன்டர்நெட் இழுக்கிற நாளில் மட்டும் ட்ரேஸ்ரூட் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "பாருங்க, ஏழாவது சந்தியில நிக்குது" என்று அனுப்புவார்கள். நல்லாக இருந்த நாளில் அந்த ஏழாவது சந்தி எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. தோட்டத்து ஒபீசில் மழைக் கொப்பி இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெய்தாலும் பெய்யாவிட்டாலும் காலையில் மழைமானியைப் பார்த்து ஒரு எண் எழுத வேண்டும், பெய்யாத நாளுக்கும் ஒரு சுழியம் விழும். "இந்த வருஷம் மழை கூட" என்று துரை சொன்னால் அதற்கு ஆதாரம் மழை பெய்த நாட்கள் மட்டும் இல்லை, அந்தச் சுழியங்களும்தான். வழி மாற்றத்தைக் கண்டுபிடிக்கிற வேலையும் அப்படித்தான். பிரச்சினை இல்லாத நாட்களைச் சலிக்காமல் எழுதி வைத்தவருக்குத்தான் பிரச்சினை வந்த நாள் கண்ணில் படும்.

சரி, தினமும் எழுதி வைத்தாயிற்று. இன்றைய வரியும் நேற்றைய வரியும் ஒன்றா என்று பார்த்தால் போதுமே? நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாரத்தில் என் ஸ்கிரிப்ட் நாற்பது ஐம்பது தடவை "வழி மாறிவிட்டது" என்றது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். அநேகமாக எதுவுமே உண்மையான மாற்றம் இல்லை.

முதலாவது, நட்சத்திரம். சில ரவுட்டர்கள் அந்தச் "செத்துப்போனது" செய்தியை அனுப்பாது, அல்லது ஒரு செக்கனுக்கு இத்தனைதான் அனுப்புவேன் என்று அளந்து வைத்திருக்கும். அப்போது ட்ரேஸ்ரூட்டில் அந்த ரவுட்டரின் முகவரிக்குப் பதில் நட்சத்திரம் வரும். நேற்று பதில் சொன்ன ரவுட்டர் இன்று வேலை மும்முரத்தில் பேசாமல் இருந்தால், வழி மாறியதாக அர்த்தமில்லை. நட்சத்திரத்தை "எதுவாகவும் இருக்கலாம்" என்று வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டாவது, ஒரே ரவுட்டருக்குப் பல ஐபி முகவரிகள் இருக்கும், ஒவ்வொரு வாசலுக்கும் ஒன்று. முன்வாசல் இலக்கம் வேறு, பின்வாசல் இலக்கம் வேறு, வீடு ஒன்றுதான்.

மூன்றாவதுதான் பெரிய ஏமாற்று, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியதும் அதுதான். பெரிய வலையமைப்புகளில் ஒரே இடத்துக்கு ஒரே செலவுள்ள இரண்டு மூன்று வழிகள் இருந்தால் சுமையைப் பங்கிட்டு அனுப்புவார்கள். ஆனால் ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தால் குழப்பம் என்பதால், அனுப்பியவர், பெறுபவர், இரு பக்கத்து போர்ட் எண்கள் (கம்பியூட்டருக்குள் எந்த வேலைக்கான பாக்கெட் என்று காட்டுகிற எண்கள்) இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒரு உரையாடலுக்கு ஒரு வழி என்று பிடித்துக்கொள்வார்கள். பழைய ட்ரேஸ்ரூட்டோ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் போர்ட் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். வழக்கமாக 33434இல் தொடங்கும். ரவுட்டரின் கண்ணுக்கு அவை ஒவ்வொன்றும் தனித்தனி உரையாடல். அதனால் ஆறாவது பதில் இடது கிளையிலிருந்து வரும், ஏழாவது பதில் வலது கிளையிலிருந்து வரும், நாம் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு உலகத்தில் இல்லாத ஒரு வழியை வரைந்துவைத்திருப்போம். அடுத்த தடவை போட்டால் வேறு ஒரு இல்லாத வழி.

இரண்டு கிளைகளில் ஒன்று ஒரு சந்தி குறைவாக இருந்தால் இன்னும் மோசம்: ஒரே ரவுட்டர் ஏழாவதாகவும் வரும், எட்டாவதாகவும் வரும். பார்த்தவர் "ஐயோ, சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று நினைப்பார். தெமோதரை ஸ்டேஷன் தெரியும்தானே? பதுளைக்குப் போகிற ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய், மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே குகை வழியாக நுழைந்து போகும். மேலிருந்து எடுத்த வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு ரயில் வந்த இடத்துக்கே திரும்பிவிட்டது போலத் தெரியும். ரயில் அதன் பாட்டுக்குச் சரியாகத்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. ட்ரேஸ்ரூட்டில் தெரிகிற சுழல்களில் பாதிக்கு நான் இப்போதெல்லாம் பதறுவதே இல்லை.

இதற்கு 2006இல் ஒரு மருந்து வந்தது. பிரான்சில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் பாரிஸ் ட்ரேஸ்ரூட் என்று ஒன்றைச் செய்தார்கள். அது ரவுட்டர்கள் கணக்குப் போடுகிற அந்தப் பகுதிகளை எல்லாப் பாக்கெட்டிலும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, வேறு ஒரு இடத்தில் அடையாளம் வைக்கும். எல்லாப் பாக்கெட்டும் ஒரே உரையாடல் போலவே தெரிவதால் ஒரே கிளையில் போகும். என் மெஷினில் இதைப் போட்டவுடனேயே நாற்பது ஐம்பது எச்சரிக்கை வாரத்துக்கு நாலைந்தாகக் குறைந்தது. இந்த ஒன்றை மட்டும் செய்தாலே போதும் என்று சொல்வேன், மற்றதெல்லாம் அப்புறம்.

மிச்சமிருந்த நாலைந்தும் உண்மையான மாற்றங்கள், ஆனால் எல்லாம் ஒரே எடை இல்லை. கொழும்புக்குள்ளேயே ஒரு ரவுட்டருக்குப் பதில் பக்கத்து ரவுட்டர் வந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் மூன்றாவது பிளாட்போர்மில் நிற்கிற பஸ் நாலாவதில் நிற்கிற மாதிரி. இதைப் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு வழிக்கும் நான் இரண்டு கையொப்பம் வைத்திருக்கிறேன். ஒன்று முகவரிகளின் வரிசை அப்படியே. மற்றது எந்தெந்த வலையமைப்பு வழியாகப் போகிறது என்பது மட்டும்; ஒவ்வொரு பெரிய வலையமைப்புக்கும் ஏஎஸ் எண் என்று ஒரு பதிவு எண் உண்டு, முகவரியை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். முதல் கையொப்பம் மாறினால் எழுதி வைத்தால் போதும், இரண்டாவது மாறினால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். ரவுட்டர்களின் பெயர்களும் உதவும். பல கம்பனிகள் பெயருக்குள் விமான நிலையக் குறியீட்டை வைத்திருக்கும். எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர், எம்ஆர்எஸ் என்றால் மார்செய், எம்ஏஏ என்றால் சென்னை. பழைய பெயரை மாற்றாமல் விட்டுவிடுகிற கம்பனிகளும் உண்டு என்பதால் பெயரை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

எடுத்துவைத்த லாக்கை எப்படி வாசிப்பது என்பதற்கு வேர்ன் பாக்ஸன் 1996இல் வெளியிட்ட ஆய்வைப் போலத் தெளிவாகச் சொன்னது எனக்குத் தெரிந்து வேறு இல்லை. 37 இடங்களுக்கிடையில் கிட்டத்தட்ட 40,000 தடவை வழியை அளந்து பார்த்தவர் அவர். "வழி நிலையாக இருக்கிறதா?" என்ற கேள்வி உண்மையில் இரண்டு கேள்வி என்றார். ஒன்று, இந்த வழியை எத்தனை தடவை பார்க்கிறோம், அதாவது பெரும்பாலும் இதுதானா. மற்றது, ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றில்லை. ஒரு மாதம் ஒரு வழி, அடுத்த மாதம் இன்னொரு வழி என்று இருந்தால் ஒவ்வொன்றும் பாதிப் பங்கு. நிமிடத்துக்கு நிமிடம் மாறி மாறி வந்தாலும் ஒவ்வொன்றும் பாதிப் பங்குதான். ஆனால் முதலாவதில் வீடியோ கோல் நிம்மதியாக ஓடும், இரண்டாவதில் வாய் திறக்க முடியாது. பெரும்பாலான இடங்களுக்கு ஒரு வழி மற்றதையெல்லாம் மிஞ்சி நிற்கும் என்றும், ஆனால் அது நிலைத்து நிற்கிற காலம் செக்கன்களிலிருந்து நாட்கள் வரை விதவிதமாக இருக்கும் என்றும் அவர் கண்டார். என் சின்ன லாக்கிலும் அதே கதைதான்.

அவர் இன்னொன்றும் செய்தார்: அளக்கும் நேரத்தைச் சமமாக வைக்காமல் தாறுமாறாக வைத்தார். ஒவ்வொரு மணித்தியாலமும் சரியாக மணி அடிக்கும்போது அளந்தால், அதே நேரத்தில் எங்கோ தானாக ஓடுகிற வேலைகளின் நெரிசலையே எப்போதும் பார்த்துக்கொண்டிருப்போம், நடுவில் வந்து போகிற மாற்றம் கண்ணில் படவே படாது. நான் சராசரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்து, அதற்குள் எந்த நிமிடம் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல விட்டுவிடுகிறேன். நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். வெளிநாட்டுக் கம்பனிகளின் அறிவிப்புகளோடு ஒப்பிடும்போது ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிக் கழித்துத் தலை சுற்றாது.

இனி அந்தப் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். லண்டனுக்குப் போய்த் திரும்பி வருகிற நேரத்தை லாக்கிலிருந்து எடுத்துப் பார்த்தோம். சராசரியைப் பார்க்கவில்லை. சராசரி மாலையில் ஏறும், விடியற்காலையில் இறங்கும், ஊர் முழுக்க பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் போனைக் கையில் எடுக்கிற நேரத்தில் எகிறும். ஒவ்வொரு மணித்தியாலத்திலும் கிடைத்த மிகக் குறைந்த எண்ணைப் பார்த்தோம். நெரிசல் நேரத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. ஆகவே மிகக் குறைந்த எண் என்பது வரிசையில் காத்திராமல் போன பாக்கெட்டின் நேரம், கிட்டத்தட்ட வழியின் நீளமே அதுதான். ஐந்து மாதமாக அந்த எண் 168 மில்லிசெக்கனுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. அவள் வருவதற்கு மூன்று நாள் முன்பு, விடியற்காலை 2 மணி தாண்டி, ஒரே அடியில் 231. மாலையிலும் 231, யாருமே விழித்திராத நேரத்திலும் 231. படிக்கட்டு ஏறிய மாதிரி.

கண்ணாடி இழையில் ஒளி ஒரு செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் ஓடும். போய் வர ஒரு மில்லிசெக்கன் என்றால் 100 கிலோமீற்றர் தூரம். அப்படியானால் கூடிய 63 மில்லிசெக்கன் என்பது ஏறக்குறைய 6,300 கிலோமீற்றர் கூடுதல் வழி. வீட்டு ரவுட்டரை எத்தனை தடவை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் 6,300 கிலோமீற்றர் குறையாது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர், போய்த் திரும்பினால் 5,400, கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. வலையமைப்புக் கையொப்பத்தைப் பார்த்தால் அதே இரவில் புது ஏஎஸ் எண் ஒன்று நடுவில் வந்திருந்தது, அதன் ரவுட்டர் பெயர்களில் சிங்கப்பூர்க் குறியீடு. முன்பு மேற்கே செங்கடல் பக்கம் போனது இப்போது கிழக்கே போய்விட்டு வருகிறது. எண்ணும் கையொப்பமும் பெயரும் மூன்றும் ஒரே இரவைக் காட்டினால், அதற்குமேல் எனக்குச் சந்தேகமில்லை.

இப்படி நடப்பது புதிதில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் சீ-மீ-வீ 4 கேபிளும் ஃபிளாக் கேபிளும் அறுந்தபோது தெற்காசியா முழுக்க இப்படித்தான் வழி திரும்பியது. 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்குப் பக்கத்தில் மறுபடி சீ-மீ-வீ 4 அடிபட்டது. நம் நாட்டுக்கு வருகிற கேபிள்களில் அதுவும் ஒன்று. கடலடியில் நடக்கிற காரியம் லயத்து வீட்டு மேசையில் ஒரு எழுத்து தாமதமாக வருவதாகத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. ட்ரேஸ்ரூட் போகிற வழியைத்தான் காட்டும், பதில் திரும்பி வருகிற வழியைக் காட்டாது, ஆனால் நேரமோ இரண்டையும் சேர்த்தது. கினிகத்தேனை வழியாகப் போய்க் கண்டி வழியாகத் திரும்பி வருகிற பஸ் மாதிரி, இன்டர்நெட்டில் இது சர்வசாதாரணம். போகிற கையொப்பம் துளியும் மாறாமல் நேரம் மட்டும் படிக்கட்டு ஏறினால், மாறியது பெரும்பாலும் திரும்பி வருகிற வழி. அதைப் பார்க்க அந்தப் பக்கத்திலிருந்து நம் பக்கத்துக்கு யாராவது அளக்க வேண்டும். அதற்குத்தான் ஐரோப்பாப் பக்கத்தில் இன்டர்நெட் முகவரிகளைப் பங்கிடுகிற ரைப் என்சிசி 2010இல் தொடங்கிய ரைப் அட்லஸ் இருக்கிறது. உலகம் முழுக்க பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அளவுக் கருவிகளைத் தொண்டர்கள் தங்கள் வீட்டில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒன்று வைத்தால் உங்களுக்குப் புள்ளி சேரும், அந்தப் புள்ளியைக் கொடுத்து லண்டனில் இருக்கும் கருவியை ஹட்டனை நோக்கி அளக்கச் சொல்லலாம். மலையகத்தில் நாலு இடத்தில் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அளக்காமலே பார்க்கிற வழியும் ஒன்று உண்டு. வலையமைப்புகள் தங்களுக்குள் "இந்த முகவரிகள் என் வழியாகக் கிடைக்கும்" என்று பிஜிபி என்ற மொழியில் சொல்லிக்கொள்கின்றன. இந்த அறிவிப்புகளை ஒரேகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸும் ரைப்பின் ஆர்ஐஎஸ்ஸும் வருஷக்கணக்காகச் சேர்த்து யாரும் எடுக்கும்படி வைத்திருக்கின்றன. 2008 பெப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகொம் யூடியூபின் முகவரிகளில் ஒரு பகுதியைத் தன்னுடையதாக அறிவித்தபோது, யூடிசி 18:47க்குத் தொடங்கி 21:01க்கு முடிந்ததை, நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 12.17 முதல் 2.31 வரை, நிமிடக் கணக்காகச் சொல்ல முடிந்தது இந்தப் பதிவுகளால்தான். ஆனால் அறிவிப்பு வேறு, பாக்கெட் உண்மையில் போன வழி வேறு. அறிவிப்பு மாறிய பிறகு எல்லா ரவுட்டர்களும் ஒரே முடிவுக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கலாம், அதற்குள் பாக்கெட்டுகள் அங்கும் இங்கும் அலையும். இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது.

168இலிருந்து 231க்கு ஏறிய அந்தப் படிக்கட்டை வரைபடமாக்கி, அவள் அதைப் போனில் படம் பிடித்து, தேதியும் நேரமும் போட்டு, லண்டன் நிறுவனத்துக்கும் இங்கே இன்டர்நெட் கம்பனிக்கும் அனுப்பினாள். இந்த முறை ரவுட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. வெளிநாட்டு இணைப்பில் மாற்றம் இருக்கிறது, பார்க்கிறோம் என்று பதில் வந்தது. நிறுவனமும் அந்த நாட்களுக்கு மணித்தியாலக் கணக்கில் சம்பளம் தர ஒத்துக்கொண்டது. பதினோராவது நாள் அதிகாலை 3.40க்குப் பழைய கையொப்பம் திரும்பியது, 168. அரை மணித்தியாலத்தில் மறுபடி 231. அப்புறம் இரண்டு நாள் இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன, அந்த இரண்டு நாளும் அவளுக்கு முந்தைய பத்து நாளைவிட மோசமாக இருந்ததாம். மூன்றாம் நாள் காலையில் 168இல் படுத்தது, இதை எழுதும்வரை எழுந்திருக்கவில்லை.